புது வீட்டில் குழாய்க் கசிவு: சோதித்துப் பார்த்து வேலை செய்கிற பிளம்பரை அமர்த்துவது எப்படி

குடியேறிய சில மாதங்களிலேயே சுவரில் ஈரம் பூக்கிறது, குளியலறையில் தண்ணீர் தேங்குகிறது, சமையலறை சிங்க்கில் சாக்கடை நாற்றம் அடிக்கிறது என்றால் உடனே பிளம்பரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். முதலில் பில்டருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் குறைகளை அவரே சரிசெய்து தரவேண்டிய காலம் ஒன்று இருக்கும். அதற்குள் வெளியாள் டைலை உடைத்துவிட்டால், "அவர் கை வைத்ததால்தான் ஒழுகுகிறது" என்று சொல்லி பில்டர் விலகிக்கொள்வார். எந்த இடம், எப்போதிலிருந்து, என்ன செய்தால் ஒழுகுகிறது என்று படங்களோடு அனுப்பி, பதிலுக்கு ஒரு கெடு வையுங்கள். தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம்: வால்வை மூடி, படமெடுத்து, அவசரத்துக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள். வெட்டியெடுத்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள். பசை எப்படி ஒட்டியிருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கெடு தாண்டியும் ஆள் வரவில்லை, அல்லது வந்து டைல் இடுக்கில் வெள்ளை சிமென்ட் பூசிவிட்டுப் போய்விட்டார்கள் என்றால், அப்போது வெளியாளைத் தேடலாம். ஆனால் கசிவு எந்த வகை என்று ஓரளவாவது தெரிந்துவைத்திருந்தால்தான் வருகிறவர் சொல்வதை எடைபோட முடியும். சுவரில் ஈரத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் இடையில் ஓரிரு நாள் விடுங்கள்.

வீட்டுக்குள் தண்ணீர் கொண்டுவரும் சப்ளை லைன் கசிந்தால் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் ஈரம் நிற்காது. எல்லாக் குழாய்களையும், கழிவறை ஃபிளஷ் தொட்டிக்குப் போகும் ஆங்கிள் வால்வையும் மூடிவிட்டு, மீட்டர் எண்ணைக் குறித்து 2 மணி நேரம் கழித்துப் பாருங்கள். மீட்டர் இல்லாத வீட்டில் மேல்தொட்டிக்கு வரும் தண்ணீரை நிறுத்தி, நீர்மட்டத்தில் அடையாளம் வைத்து மறுநாள் காலையில் பார்க்கலாம். மட்டம் இறங்கியிருந்தால், வாட்டர் ஹீட்டருக்குப் போகும் வால்வையும் மூடி மறுபடி பாருங்கள். இப்போது இறங்கவில்லையென்றால் கோளாறு சுடுதண்ணீர் லைனில். ஃபிளஷ் தொட்டியே உள்ளுக்குள் ஒழுகுவதும் உண்டு. தொட்டியில் கொஞ்சம் சாயம் கலந்து அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விட்டால், கழிவறைக் கோப்பையில் நிறம் தெரிகிறதா என்பதே பதில்.

கழிவுக் குழாய் பயன்படுத்தும்போது மட்டும்தான் கசியும். ஒரு ஹோஸைத் தரை வடிகாலுக்குள் நேராக நுழைத்து, தரை நனையாமல் 15 நிமிடம் தண்ணீர் விடுங்கள். அப்படியும் ஈரம் ஏறினால் கழிவுக் குழாய். ஏறவில்லையென்றால் வடிகாலை அடைத்து, தரையில் 50 மில்லிமீட்டர் வரை தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் விடவேண்டும். கீழ்வீட்டுக் கூரையில் சொட்ட ஆரம்பித்தால் உடனே திறந்துவிடுங்கள். இந்தச் சோதனையில் மட்டும் ஒழுகினால் உங்களுக்குத் தேவை பிளம்பரே அல்ல, வாட்டர்ப்ரூஃபிங் செய்பவர். இதைப் பார்க்காமல் பிளம்பர் கையில் ஒப்படைத்து, நல்ல குழாயை மாற்றிய வீடுகள் ஏராளம். மழைக்குப் பின் மட்டும் ஈரம் வந்தால் வெளிச்சுவரையும் மழைநீர்க் குழாயையும் பாருங்கள்.

இனி ஆள். பில்டரிடம் வேலை செய்யாதவராக இருக்கவேண்டும். புதுக் குழாய் போடுவதில் கெட்டிக்காரராக இருந்தால் மட்டும் போதாது. பழுது கண்டுபிடிப்பது தனித் திறமை. பக்கத்தில் ஓராண்டுக்கு முன் கசிவை அவர் சரிசெய்த வீட்டுக்காரர் யாரையாவது கேளுங்கள். போன வாரம் முடிந்த வேலையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பிளம்பர்களுக்கு உரிமம் தேவைப்படும் ஊரென்றால், உரிம எண்ணைக் கொடுத்த அலுவலகத்திலேயே சரிபாருங்கள். சோதனைக்குத் தனிக் கட்டணம், பழுதுபார்க்கத் தனிக் கட்டணம் என்று பிரித்துப் பேசுவது நல்லது. சோதனை இலவசம் என்பவருக்கு உடைத்தால்தான் வருமானம்.

போனில் மூன்று கேள்வி போதும். உடைப்பதற்கு முன் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? லைனைப் பகுதி பகுதியாகப் பிரித்து பிரஷர் டெஸ்ட் செய்வேன், கழிவுக் குழாயில் கேமரா விடுவேன் என்று சொன்னால் சரி. "உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்றால் அடுத்தவரைத் தேடுங்கள். மூடுவதற்கு முன் எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு நேரம் சோதிப்பீர்கள்? எண்ணாகப் பதில் வரவேண்டும். உடைத்த டைலும் பூச்சும் யார் பொறுப்பு? குறைந்த விலை சொல்பவரின் கணக்கில் பெரும்பாலும் இதுதான் விடுபட்டிருக்கும்.

பிரஷர் டெஸ்ட் சரியாக நடக்கிறதா என்று கூடவே நின்று பாருங்கள். ஹீட்டரையும் சுடுதண்ணீர் கலக்கும் மிக்சர் குழாய்களையும் லைனிலிருந்து பிரித்து, முனைகளில் எண்ட் ப்ளக் போட்டு, குழாயில் உள்ள காற்று முழுவதையும் வெளியேற்றி, கைப்பம்பால் தண்ணீரை ஏற்றவேண்டும். வழக்கமான அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு என்பது பொது அளவு. ஆனால் 10 மீட்டர் உயரத் தொட்டி தருவதே சுமார் 1 பார் அழுத்தம்தான். அதனால் அத்தகைய வீடுகளில் குழாயில் அச்சிட்ட அளவைத் தாண்டாமல் 5, 6 பார் வரை ஏற்றுவார்கள். பிளாஸ்டிக் குழாய் லேசாக விரிவதால் முதலில் பம்பின் அழுத்தமானியில் முள் கொஞ்சம் இறங்கும். மறுபடி ஏற்றிய பிறகு ஒரு மணி நேரமாவது அசையக்கூடாது. கம்ப்ரஸர் காற்றால் சோதிக்க விடாதீர்கள். பிவிசி உடைந்தால் சில்லுகளாகத் தெறிக்கும்.

புது வீடுகளில் சப்ளை லைன் ஒழுகுவதற்குக் காரணம் குழாயின் தரத்தைவிட இணைப்பின் அவசரம்தான். சிபிவிசி குழாயை (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) சாதா பிவிசி பசையால் ஒட்டியிருப்பார்கள்; சிபிவிசிக்கென்று தனிப் பசை உண்டு. நேராக வெட்டி, பிசிறு நீக்கி, ஈரம் துடைத்து, பசை தடவி, கால் சுற்று திருப்பிச் செருகி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். பிசிறு இருந்தால் அது பசையைச் சுரண்டிக்கொண்டு போய், தண்ணீர் கசியத் தடம் விட்டுவிடும். பசை அதிகமானாலும் ஆபத்து: உள்ளே வழிந்து தேங்கி, குழாய்ச் சுவரையே இளக்கும். சுடுதண்ணீருக்குச் சாதா பிவிசி போட்டிருந்தால் பேச்சே இல்லை, மாற்றவேண்டியதுதான். அது 60 டிகிரிக்கு மேல் தாங்காது. சிபிவிசியும் சூட்டில் நீளும். 10 மீட்டர் குழாய் 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் நீளும். அந்த நீளத்துக்கு இடம் விடாமல் சிமென்டால் இறுக்கிப் பூசினால் எல்போ என்ற வளைவு இணைப்பில் விரிசல் விடும். பிளாஸ்டிக் உள்மரையில் இரும்பு நிப்பிளை (மரை போட்ட குட்டைக் குழாய்) முறுக்கியிருந்தாலும் அதே கதி, மாதங்கள் கழித்து. அந்த இடத்தில் பித்தளை மரை பதித்த ஃபிட்டிங் கேளுங்கள்.

கழிவுக் குழாயில் முக்கியமானது வாட்டம். 75 மில்லிமீட்டருக்குக் குறைவான குழாய்க்கு மீட்டருக்கு 20 மில்லிமீட்டர், 100 மில்லிமீட்டர் குழாய்க்கு மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் சரிவு வேண்டும். ஸ்பிரிட் லெவல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். புது வீட்டில் அடைப்பு என்றால் பெரும்பாலும் உள்ளே இறுகிய சிமென்ட் கலவையும் டைல் சில்லும்தான். டைல் வேலையின்போது வடிகால் வாயை மூடியிருக்கமாட்டார்கள். ஆசிட் ஊற்றலாம் என்பவரை நிறுத்துங்கள். இறுகிய கட்டி முழுதாகக் கரையாது, உலோக ஃபிட்டிங்குகள்தான் அரிக்கும். கேமரா விட்டு இடத்தைப் பார்த்து, அந்தத் துண்டை மாற்றுவதே வழி. நாற்றத்துக்குக் காரணம் டிராப், அதாவது தண்ணீர் நின்று சாக்கடைக் காற்றைத் தடுக்கும் வளைவு. அதில் 50 மில்லிமீட்டராவது தண்ணீர் நிற்கவேண்டும். ஃபிளஷ் செய்யும்போது கை கழுவும் பேசினில் களக் களக் என்று சத்தம் வந்தால், காற்றுக்கு வழிவிடும் வென்ட் குழாய் இல்லாமலோ அடைபட்டோ இருப்பதால் டிராப் தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. அதற்கு வாசனை உருண்டை பதிலல்ல. கழிவுக் குழாயை மாற்றிய பின் கீழ்முனையை அடைத்து, 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி 15 நிமிடம் மட்டம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது வழக்கம்.

பணத்தைச் சோதனைகளோடு முடிச்சுப் போடுங்கள். பொருள் பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். கூலியில் ஒரு பங்கை உடைத்துப் பழுதைக் காட்டியபின்னும், பெரும்பங்கை பிரஷர் டெஸ்ட் தேறியபின்னும் கொடுங்கள். டெஸ்டைப் பசை போட்ட அன்றே வைக்கக்கூடாது. பசை டப்பாவில் எழுதியுள்ள உலரும் நேரம் கழியட்டும், பெரும்பாலும் 24 மணி நேரம் போதும். கொத்தனார் பூசுவதற்கு முன், தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எவ்வளவு தூரம் என்று தெரியும்படி டேப்பை வைத்துக் குழாய்களைப் படமெடுங்கள். நாளை யாராவது சுவரில் துளை போடும்போது இது உதவும். குழாய் வாயிலிருக்கும் வலையைக் கழற்றிவிட்டு, லைனில் உள்ள துருவலும் மணலும் போகும்வரை தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லுங்கள். கடைசிப் பத்து சதவீதத்தை, சுடுதண்ணீர் லைன் சில வாரம் தினமும் சூடேறி ஆறிய பிறகு, பென்சில் கோட்டைத் தாண்டி ஈரம் வரவில்லை என்று பார்த்துக் கொடுக்கலாம். இதை வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.