அமெரிக்கத் தேர்தல் இரவில் எண்களை எப்படிப் படிப்பது?

முதலில், நாடு முழுக்க யார் முன்னிலை என்று பார்ப்பதை விடுங்கள். 2016-இல் ஹிலாரி கிளின்டன் ஏறக்குறைய 29 லட்சம் வாக்குகள் கூடுதலாக வாங்கியும் தோற்றார். மாநில வாரியாகத் தேர்வாகி அதிபரைத் தேர்ந்தெடுக்கும் 538 தேர்வாளர்களில் 270 பேர் யார் பக்கம் என்பதுதான் கணக்கு, அதனால் இழுபறி மாநிலங்களை மட்டும் திறந்து வையுங்கள்.

அப்புறம், இன்னும் எண்ணாத வாக்கு எந்த கவுன்ட்டியில் (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பகுதி) இருக்கிறது, அது தபால் வாக்கா என்று பாருங்கள். இதுதான் முக்கியம். 2020-இல் பென்சில்வேனியாவில் முதல் இரவு டிரம்ப் பல லட்சம் வாக்கு முன்னிலையில் இருந்தார், ஆனால் தபால் உறைகளைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் பிரிக்கவே அங்கே சட்டம் விடாது, பெரும்பாலும் பைடனுக்கு விழுந்திருந்த அவை மெல்ல மெல்ல எண்ணப்பட்டு, கடைசியில் பைடன் சுமார் 80,000 வாக்கில் ஜெயித்தார். இதைப் போய் மோசடி என்று பரப்பாதீர்கள், எண்ணிய வரிசை அப்படி.

வாக்குப்பதிவு சதவீதமா? 18 வயது நிறைந்த எல்லாரையும் வைத்து வகுத்தால் குடியுரிமை இல்லாதவர்களும் சேர்ந்து சதவீதம் குறையும், தகுதியுள்ளவர்களை வைத்தே வகுங்கள்.