வளவுக்குள் படம் எடுக்க உச்சி வெயில்தான் சரி

கானாடுகாத்தான் பக்கம் செட்டிநாட்டு வீடுகளைப் படம் எடுப்பவர்கள், வளவை (வீட்டுக்குள் இருக்கும் திறந்த முற்றமும் அதைச் சுற்றிய தூண் தாழ்வாரமும்) மட்டும் காலை 11 மணியிலிருந்து மதியம் 1 மணிக்குள் எடுங்கள். வெயில் நேராக விழும் முற்றத் தரை மட்டும் படத்துக்குள் வர வேண்டாம். அந்த நேரத்தில் வெயில் தரையில் பட்டுத் தெறித்து, வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புச் சுவரிலும் தேக்குத் தூணிலும் மெதுவாகப் பரவும். தூணின் செதுக்கல், ரேகை எல்லாம் அப்போது தெரிகிற மாதிரி வேறு நேரத்தில் தெரியாது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஆன்டிலோப் கேன்யன் என்ற இடுக்கான மணற்பாறைப் பள்ளத்துக்குள் படம் எடுப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்: உச்சி வெயிலில் போய், பாறையில் பட்டுத் தெறிக்கும் ஒளியை எடுப்பார்கள், மேலே தெரியும் வானத்தை விட்டுவிடுவார்கள்.

வெயில் திட்டு எப்படியும் உள்ளே வந்துவிட்டால், போன் திரையில் அதைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இருட்டைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், வெளுத்துப்போனதை மீட்க முடியாது. அப்புறம், போனைத் தூணோடு அழுத்திப் பிடித்தால் ஆட்டம் குறையும்.

மேகமூட்டமான நாளில் இது எடுபடாது. வீட்டின் முகப்புக்கும் பொருந்தாது. அதற்குக் காலை, மாலைச் சாய்வு வெயில் வேண்டும்.