முதல் சைக்ளோகிராஸ் பந்தயத்துக்குத் தயாராவது எப்படி: டயர் காற்று, இறங்குவது, ஏறுவது

சைக்ளோகிராஸ் என்பது கரடுமுரடான பாதையில் நடக்கும் சைக்கிள் பந்தயம். அது எப்போது முடியும் என்பதைத் தீர்மானிப்பது தூரம் இல்லை, நேரம். 2.5 முதல் 3.5 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சுற்றுப்பாதையைக் குறித்த நேரம் முடியும்வரை சுற்ற வேண்டும். சர்வதேசப் பந்தயங்களில் முதல்நிலை ஆண்களுக்குச் சுமார் ஒரு மணி நேரம், புதியவர்கள் பிரிவில் பொதுவாக 30 முதல் 40 நிமிடம். பாதையில் புல், சேறு, மணல், பலகைத் தடை, படிக்கட்டு எல்லாம் வரும். சில இடங்களில் சைக்கிளை விட்டு இறங்கித் தூக்கிக்கொண்டு ஓடித்தான் ஆக வேண்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் கால் வலுவைக் கூட்டுவதில்தான் குறியாக இருப்பார்கள். ஆனால் முதல் பந்தயத்தில் நேரம் போவது இறங்குவதிலும் ஏறுவதிலும் தப்பான காற்றழுத்தத்திலும்தான். இந்த மூன்றையும் பந்தயத்துக்கு முந்தைய சில வாரங்களில் யாரும் சரிசெய்துகொள்ளலாம்.

1. சைக்கிள்

தனியாக சைக்ளோகிராஸ் சைக்கிள் வாங்க வேண்டியதில்லை. மண்பாதைக்கான கிராவல் சைக்கிளோ மவுன்டன் பைக்கோ இருந்தால் போதும், தொடக்கப் பிரிவில் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். சர்வதேச விதிப்படி டயர் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. உள்ளூர்ப் பந்தயங்களில் இதை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. இருந்தாலும் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

பாட்டில் ஹோல்டர், ஸ்டாண்டு, மட்கார்டு, சீட்டுக்கு அடியில் தொங்கும் பை எல்லாவற்றையும் கழற்றுங்கள். எடை குறைப்பதற்காக இல்லை. சைக்கிளைத் தோளில் போடும்போது கை ஃபிரேமுக்குள் நுழைய வேண்டும், அந்த இடத்தில் பாட்டில் ஹோல்டர் இடிக்கும்.

ரோடு சைக்கிளின் கிளிப் பெடல் (ஷூவைப் பூட்டிக்கொள்ளும் பெடல்) வேண்டாம். ஒரு முறை சேற்றில் மிதித்தாலே ஷூவின் அடியில் பெடலில் மாட்டும் துண்டான கிளீட் அடைத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் மாட்டக்கூடிய மவுன்டன் பைக் பெடல்தான் இதற்குச் சரி. கிளிப் பழக்கமே இல்லாதவர் முதல் பந்தயத்தைச் சாதாரணத் தட்டை பெடலில் ஓட்டுவது நல்லது.

2. காற்றழுத்தம்

ரோட்டில் ஓட்டிப் பழகியவருக்கு இந்த எண்கள் நம்பும்படியாக இருக்காது. 33 மில்லிமீட்டர் ட்யூப்லெஸ் டயர், 70 கிலோ எடையுள்ள ஓட்டுநர் என்றால், காய்ந்த தரைக்கு 26 முதல் 28 பிஎஸ்ஐ, சேற்றுக்கு 20 முதல் 23 வரை. முன் டயரில் பின் டயரைவிட 1 அல்லது 2 குறைவாக வையுங்கள். உள்ளே ட்யூப் போட்டிருந்தால் இவ்வளவு இறக்க முடியாது, 35-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏதாவது ஒரு வேர்மேல் ஏறும்போது ரிம் ட்யூபை நசுக்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை போட்டுவிடும்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க:

- மேலே சொன்னதைவிட 4 பிஎஸ்ஐ கூட வைத்து, பாதையிலேயே கடினமான வளைவிலும் வேர்கள் உள்ள இடத்திலும் ஓட்டுங்கள்.
- 2 பிஎஸ்ஐ இறக்கி அதே இடத்தில் மறுபடியும் ஓட்டுங்கள். வளைவில் பிடிப்பு கூடுவது தெரியும்.
- ஒரு சுற்றில் ஒரு முறை ரிம் தரையைத் தொடும் சத்தம் கேட்டால் அளவு சரி. திரும்பத் திரும்பக் கேட்டால் 1 பிஎஸ்ஐ ஏற்றுங்கள்.
- வளைவில் டயர் பக்கவாட்டில் நெளிந்தாலோ, ரிம் ஓரத்தில் ‘புஸ்’ஸென்று காற்று பிரிந்தாலோ, அளவுக்கு மீறி இறக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

நின்றபடி அடிக்கும் பம்பில் உள்ள மானியை இதற்கு நம்பாதீர்கள். பெரிய அழுத்தங்களுக்காகச் செய்தது அது, 20-களில் தடுமாறும். குறைந்த அழுத்தம் காட்டும் தனி மானி ஒன்று வாங்கி, எப்போதும் அதிலேயே பாருங்கள். அது சற்றுத் தவறாகக் காட்டினாலும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி காட்டினால் போதும். ட்யூப்லெஸ் என்றால் ஒரு டயருக்குச் சுமார் 60 மில்லி சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள்.

3. இறங்குவது

எப்போதும் இடப்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். வலப்பக்கம் செயினும் பல்சக்கரமும் இருக்கின்றன. புல்தரையில், நடக்கும் வேகத்தில் தொடங்குங்கள்.

தடைக்குச் சுமார் 10 மீட்டர் முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, தடையைத் தாண்டியபின் வேண்டிய கியருக்கு மாறிவிடுங்கள். வலது காலை பெடலிலிருந்து விடுவித்து, சீட்டுக்குப் பின்னால் வீசி இடப்பக்கம் கொண்டுவாருங்கள். இப்போது இடது பெடல் அடியில் இருக்க வேண்டும், உடம்பு முழுக்க அந்த ஒற்றைக் காலில் நிற்கிறது. வலது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, சீட்டுக்குச் சற்று முன்னால் பாரை (ஃபிரேமின் மேல்குழாயை) பிடியுங்கள். அந்தக் கையில் எடையைக் கொடுத்து, இடது குதிகாலை வெளியே திருப்பி கிளிப்பைக் கழற்றி, வலது காலை முதலில் தரையில் வைத்து ஓடத் தொடங்குங்கள்.

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இந்தக் கடைசி நொடியில்தான். கையில் எடை கொடுக்காமல் இடது காலை அழுத்தி நின்றால் கிளிப் சுலபத்தில் கழலாது. வலது காலை இடது காலுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே நுழைத்து முன்னால் வைக்கும் முறையும் உண்டு. பார்க்க அழகு, வேகமும் அதிகம். ஆனால் கிளிப் மாட்டிக்கொண்டால் முகம் நேரே தரைக்குப் போகும். ஆரம்பத்தில் வலது காலை இடது காலுக்குப் பின்னாலேயே வையுங்கள்.

இன்னொன்று: இறங்கும்போது பிரேக் பிடிக்க இடது கை மட்டும்தான் இருக்கும். உங்கள் இடது லீவர் எந்தச் சக்கரத்துக்கு என்று பாருங்கள். முன் சக்கரத்துக்கு என்றால், அந்த நிலையில் அழுத்திப் பிடித்தால் பின் சக்கரம் தூக்கும். அதனால் பிரேக் வேலையை இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

4. பலகையைத் தாண்டுவது, தோளில் போடுவது

பலகைகள் அதிகபட்சம் 40 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். பொதுவாக 4 மீட்டர் இடைவெளியில் இரண்டு இருக்கும். வலது கையால் பாரையும் இடது கையால் ஹேண்டில்பாரையும் பிடித்து சைக்கிளை நேராக மேலே தூக்குங்கள். வெளிப்பக்கம் வீசினால் பக்கத்தில் ஓடுபவர்மேல் படும். இரண்டாவது பலகையைத் தாண்டும்வரை கீழே வைக்காதீர்கள். வைக்கும்போது மெதுவாக வையுங்கள், தூக்கிப் போட்டால் செயின் கழன்றுவிடும். டேனி டி பீ என்ற பெல்ஜியக்காரர் 1989 உலகப் போட்டியில் சைக்கிளோடு பலகையைத் துள்ளித் தாண்டியே ஜெயித்தார். அதைப் பார்த்து முதல் பந்தயத்தில் முயன்றால் பல் போகும்.

படிக்கட்டும் நீண்ட சேற்று மேடும் வந்தால் தோள்தான். குனிந்து ஃபிரேமின் கீழ்க்குழாயை வலது கையால் பிடித்துத் தூக்கி, பாரை வலது தோளில் ஏற்றுங்கள். கழுத்து எலும்பின்மேல் படாமல், தோளின் சதைப்பகுதியில் உட்கார வேண்டும். பிறகு அதே கையை ஃபிரேமுக்குள்ளிருந்து நீட்டி ஹேண்டில்பாரின் இடது முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் முன் சக்கரம் திரும்பி முகத்தில் இடிக்கும்.

5. ஏறுவது

பயப்பட வைக்கும் பகுதி இதுதான். உண்மையில் சீட்டின்மேல் குதிப்பதில்லை, அதன் குறுக்கே வழுக்கிப் போகிறோம். இரண்டு கையும் ஹேண்டில்பாரில். சைக்கிளோடு ஓடியபடி இடது காலால் தரையை உந்தி, வலது காலைப் பின்னால் வீசுங்கள். முதலில் சீட்டில் படுவது வலது தொடையின் உட்பக்கம், பிறகு அப்படியே நடுவுக்கு வழுக்குங்கள். மேலே எவ்வினால் வலிக்கும், முன்னோக்கிப் போனால் வலிக்காது.

எல்லோரிடமும் ஒட்டிக்கொள்ளும் கெட்ட பழக்கம், ஏறுவதற்கு முன் எடுத்துவைக்கும் ஒரு சின்னத் தயக்க அடி. ‘டக்-டக்’கென்று இரண்டு தடவை கால் வைத்துவிட்டு ஏறுவார்கள். ஒவ்வொரு தடைக்குப் பிறகும் ஓட்டத்தில் சேர்த்த வேகம் அங்கேயே செத்துவிடும். நடக்கும் வேகத்துக்குத் திரும்பிப் போய்ப் பழகினால்தான் இது போகும். வாரத்துக்கு இரண்டு நாள், 20 நிமிடம், இறங்கி நாலடி ஓடி ஏறுவதை மட்டும் செய்யுங்கள். கிளிப் உடனே மாட்டாவிட்டால் குனிந்து தேடாதீர்கள். மாட்டாமலே மிதியுங்கள், பெடல் இரண்டு மூன்று முறை சுற்றுவதற்குள் தானாக மாட்டிக்கொள்ளும்.

6. மணலும் சேறும்

மணலுக்குள் வேகத்தோடு நுழையுங்கள். ஒரு கியர் கனமாக, எடை சற்றுப் பின்னால், முன்னால் போனவர்களின் தடத்தில். ஹேண்டில்பாரை இறுக்கினால் சக்கரம் புதையும். நிற்கப்போவது தெரிந்தால் நிற்பதற்கு முன்பே இறங்குங்கள். சேற்றிலும் அதே கணக்குதான், ஓடுவதைவிட மெதுவாக மிதிக்கிறீர்கள் என்றால் இறங்கி ஓடுங்கள்.

7. பந்தய நாள்

பாதை திறந்திருக்கும் நேரத்தில் குறைந்தது இரண்டு சுற்று பாருங்கள். முதல் சுற்றை மெதுவாக, எங்கே இறங்குவது என்று குறித்துக்கொண்டே போங்கள். காற்றழுத்தத்தை அதன் பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். மாற்றுச் சக்கரம் இருந்தால் பிட்டில் வையுங்கள். சக்கரமோ சைக்கிளோ மாற்ற அங்கே மட்டுமே அனுமதி. வேறு எங்கே பஞ்சரானாலும் பிட் வரை உருட்டிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

தொடக்கத்தில் நடுத்தர கியரில் நில்லுங்கள். முதல் வளைவில் எல்லோரும் நெருக்குவார்கள், அங்கே இடம் பிடிக்கச் சண்டை போட வேண்டாம். முன்னணியில் இருப்பவர் ஒரு சுற்று கூடுதலாக முடித்துப் பின்னால் வந்து சத்தம் கொடுத்தால், பிரேக் பிடிக்காமல் உங்கள் கோட்டிலேயே நேராகப் போங்கள், அவர் சுற்றிப் போய்விடுவார். நடுவர்கள் சுற்றில் பின்தங்கியவர்களை நிறுத்துவதும் விதிப்படிதான், வாதாடாதீர்கள்.

கியர் மாற்றும் டெரெயிலரில் புல்லும் சேறும் சுற்றிக்கொண்டு செயின் முரண்டு பிடித்தால் பலத்தைக் காட்டி மிதிக்காதீர்கள். டெரெயிலரைத் தாங்கும் ஹேங்கர் முறிந்துவிடும், அதோடு அன்றைய பந்தயம் முடிந்தது. உங்கள் மாடலுக்கு உரிய ஹேங்கர் ஒன்றைக் கையில் வைத்திருங்கள், ஒவ்வொரு சைக்கிளுக்கும் அது வேறு வேறு.

8. கழுவுவது

சேறு காய்வதற்குள் கழுவுங்கள். அழுத்தக் குழாய் இருந்தால் தள்ளி நின்று அடியுங்கள். சக்கரத்தின் ஹப், ஹேண்டில்பார் திரும்பும் ஹெட்செட், பெடல் சுற்றும் கிராங்க் அச்சு இவற்றுக்கு நேராக அடித்தால் கிரீஸ் வெளியேறித் தண்ணீர் உள்ளே போகும். செயினைத் துடைத்துக் காயவிட்டு எண்ணெய் போடுங்கள். பிரேக் பேடைக் கழற்றிப் பாருங்கள். மணல் கலந்த சேற்றில் ஒரே பந்தயத்தில் புது பேடும் தேய்ந்துபோவது உண்டு.