அருங்காட்சியகத்தில் ஆவணப்படம்: திரையிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழக அருங்காட்சியகங்கள் வார இறுதியில் நடத்தும் ஆவணப்படத் திரையிடல்களில் நேரும் முதன்மையான தவறு, கண்ணாடிப் பேழையில் இருக்கும் பொருளுக்குக் காட்டும் கவனத்தைத் திரையில் ஓடும் படத்துக்குக் காட்டாமல் விடுவதாகும். எங்கே, எந்தக் காலத்தில் கிடைத்தது என்ற குறிப்பு இல்லாமல் ஒரு பானையைக் காட்சிக்கு வைக்கக் காப்பாட்சியர் எவரும் ஒப்ப மாட்டார். படமோ, தலைப்பும் நேரமும் மட்டும் அச்சிட்ட சுவரொட்டியோடு திரைக்கு வந்துவிடுகிறது.

இதன் விளைவு சிறியதன்று. கனடாவின் வடபகுதியில் வாழும் இனூயிட் பழங்குடியினரைப் பற்றி ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி 1922இல் வெளியிட்ட 'நானூக் ஆஃப் தி நார்த்' ஆவணப்படத்தில், முதன்மைப் பாத்திரமான நானூக்காக வருபவரின் உண்மைப் பெயர் அல்லகரியாலக். மனைவியாகத் தோன்றுபவர் அவருடைய மனைவி அல்லர். அக்காலத்தில் துப்பாக்கியும் பயன்படுத்தி வந்த இனூயிட் மக்கள், படத்துக்காக எறியீட்டியால் வேட்டையாடிக் காட்டினார்கள். உள்ளே வெளிச்சம் போதாததால் பனிவீட்டின் ஒரு பக்கம் திறந்தபடி கட்டப்பட்டது. அதனால் படம் மதிப்பிழந்துவிடவில்லை. ஆனால், எறியீட்டி காட்சிக்கு இருக்கும் ஒரு கட்டடத்தில் இவற்றைச் சொல்லாமல் அதைத் திரையிட்டால், புனைந்து காட்டிய காட்சிக்கு அருங்காட்சியகமே சான்றளித்ததாக ஆகிவிடும்.

படத்தில் இருக்கும் மக்களை மறந்துவிடுவது அடுத்த தவறு. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1887இல் நிறுவப்பட்ட, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பென் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மானிடவியலாளரும் இடம்பெற்ற பயணக்குழு ஒன்று, 1931இல் பிரேசிலின் போரோரோ பழங்குடி மக்களை அவர்கள் பேச்சொலியோடு படமெடுத்தது. இத்தகைய படம் அச்சமூகத்தின் வழித்தோன்றல்களுக்கு மூதாதையரின் குரல். அவர்களிடம் கேட்பதும், இயன்றால் அவர்களில் ஒருவரையே பேச அழைப்பதும் மரியாதைக்காக மட்டுமல்ல. நிபுணர் அறியாத பெயர்களையும் உறவுகளையும் அவர்களே சொல்ல முடியும். ஆஸ்திரேலியத் தொல்குடியினர் தொடர்பான படங்களுக்கு முன், இறந்தவர்களின் உருவமும் குரலும் இடம்பெறலாம் என்று எச்சரிப்பது அங்கே வழக்கம். அவ்வழக்கத்தை நாமும் பின்பற்றலாம்.

தொழில்நுட்பப் பிழைகளில் இரண்டு அடிக்கடி நேர்கின்றன. மௌனப் படங்கள் பலவும் நொடிக்கு ஏறத்தாழ 16 முதல் 18 சட்டக (ஃபிரேம்) வேகத்தில் எடுக்கப்பட்டவை. அவற்றை 24 சட்டகத்தில் ஓட்டினால் மனிதர்கள் துள்ளி ஓடுவதுபோல் தெரிந்து, துக்கச் சடங்கும் நகைப்புக்கு இடமாகிவிடும். 4:3 என்ற அகல-உயர விகிதத்தில் எடுத்த படத்தை அகலத்திரை முழுவதும் இழுத்து நிரப்பினால் முகங்கள் பருத்துவிடும்.

உரிமம் குறித்த தவறான நம்பிக்கை இந்தியாவில் பரவலாக உள்ளது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கல்வி நிறுவனத்துக்கு அளிக்கும் விலக்கு, பார்வையாளர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், பாதுகாவலர்கள், நிறுவனப் பணிகளோடு தொடர்புடையோர் என்ற வரம்புக்குள் இருக்கும்போதே பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை ஊரார் அனைவருக்கும் கதவு திறந்துவிட்டு, கட்டணம் வாங்கவில்லை என்பதால் அனுமதி தேவையில்லை என்று எண்ணுவது பிழை. உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும்; பொதுத் திரையிடலுக்கான தணிக்கைச் சான்றிதழ் உள்ளதா என்றும் முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

ஒரே மாலையில் இரண்டு படங்களை அடுக்கி, உரையாடலுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவதையும் தவிர்க்கலாம். ஒரு படம் போதும். எடுத்தவர், ஆண்டு, இடம், மொழி, படத்தில் இருப்போரின் பெயர்கள் அடங்கிய ஒரு பக்கக் குறிப்பை விளக்கு அணையும் முன் பார்வையாளர் கையில் கொடுத்துவிட்டால், கேள்விகள் அங்கிருந்தே தொடங்கும்.