பழைய பேஸ் கிட்டாரை வாங்கும் முன் அதைப் படிக்கும் முறை

மின் பேஸ் கிட்டார் வயதில் இளைய கருவி. சியாட்டில் நகரில் பால் டட்மார்க் 1930களிலேயே ஆடியோவாக்ஸ் என்ற பெயரில் ஃபிரெட் (வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான்) பதித்த மின் பேஸ் ஒன்றைச் செய்து விற்றார் என்றாலும் அது பரவவில்லை. கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபெண்டர் 1951ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸை வெளியிட்ட பிறகே இந்தக் கருவி மேடைகளில் நிலைபெற்றது. வரலாறு இவ்வளவு குறுகியதாக இருப்பதில் சேகரிப்பவருக்கு ஒரு நன்மை உண்டு: ஏறத்தாழத் தொடக்கக் காலத்திலிருந்தே செய்யப்பட்ட கருவிகள் இன்னும் வாசிக்கத்தக்க நிலையில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஆனால் 1950களிலும் 1960களின் முற்பாதியிலும் செய்யப்பட்ட ஃபெண்டர்களின் விலை, வாசித்துப் பிழைப்பவர் எட்ட முடியாத உயரத்துக்குப் போய்விட்டது. ஆகவே குறைந்த பணத்தில் சேகரிக்க விரும்புகிறவர் அவற்றை அளவுகோலாக மட்டும் அறிந்துகொண்டு, அக்காலத்திலேயே மலிவு விலைக்கு விற்ற கருவிகளிடம் போவது நல்லது.

முதலில் எந்தக் கிளையைச் சேகரிப்பது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பக்கத்தில், சியர்ஸ் நிறுவனம் சில்வர்டோன் என்ற பெயரில் விற்ற டேன்எலக்ட்ரோ பேஸ்கள் உள்ளன; மரச்சட்டத்தின் மேல் மசோனைட் எனும் அழுத்திய மரநார் அட்டையை ஒட்டி, பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச்சுருள்) உதட்டுச்சாயக் குழாய்க்குள் அடைத்துச் செய்யப்பட்ட அவை, பொருளின் மலிவும் ஒலியின் சிறப்பும் ஒரே கருவியில் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு நல்ல சான்று. மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியனிலிருந்து 1978இல் வந்த பீவி டி-40 மற்றொன்று. அதன் கழுத்தைக் கணினி இயக்கும் இயந்திரத்தில் கடைந்தார்கள். டோன் குமிழை முழுவதும் திறந்தால் பிக்கப்பின் ஒரு சுருள் மட்டும் ஒலிக்கும், சற்றுக் குறைத்தால் இரண்டும் சேர்ந்து இரைச்சலை அடக்கும். எடை மிக அதிகம். தோள்வலி இல்லாதவர் முதலில் வாங்கத்தக்க பழைய அமெரிக்க பேஸ் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஜப்பானியக் கிளை இன்னும் வளமானது. நாகானோ மாவட்டத்தின் மட்சுமோட்டோ நகரத்தை மையமாகக் கொண்ட மட்சுமோக்கு, ஃபூஜிஜென் ஆகிய இரண்டு தொழிற்சாலைகளை நினைவில் வைத்தால் பாதி வழி தெளிவாகிவிடும். அரியா புரோ 2, வெஸ்ட்டோன் பெயர்களில் வந்தவற்றைச் செய்த மட்சுமோக்கு 1987இல் மூடப்பட்டது. ஐபனெஸ், கிரெக்கோ கருவிகளைச் செய்துவந்த ஃபூஜிஜென், 1982இல் ஃபெண்டர் ஜப்பான் தொடங்கியபோது அதற்கும் செய்து கொடுத்தது, ஜே.வி. என்று எண் தொடங்கும் ஸ்குவையர் பேஸ்கள் அப்படி வந்தவையே. 1960களின் டெய்ஸ்கோ போன்றவை இவற்றுக்கு முந்திய தலைமுறை. அழகானவை, மலிவானவை, ஆனால் பலவற்றில் திருகிச் சரிசெய்யக்கூடிய ட்ரஸ் ராட் (கழுத்துக்குள் ஓடும் உலோகக் கம்பி) இல்லை என்பதால் கழுத்து வளைந்திருந்தால் மீட்பது கடினம்.

பேரம் பேசுவதற்கு முன் அளவுநாடா எடுங்கள். நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் பள்ளமிட்ட சிறு கட்டை) 12ஆவது ஃபிரெட் வரை அளந்து இரட்டித்தால் தந்தி அதிரும் நீளம் கிடைக்கும். 432 மி.மீ. இருந்தால் அது 34 அங்குல நீள பேஸ், 381 மி.மீ. இருந்தால் 30 அங்குலக் குறுநீள பேஸ். ஹாஃப்னர் வயலின் பேஸும் ஃபெண்டர் மஸ்டாங்கும் இந்த இரண்டாம் வகை. அளக்காமல் தந்தி வாங்கினால் என்ன ஆகும் என்பதை என் முதல் குறுநீள பேஸில் கற்றேன்: 34 அங்குலத்துக்கான தந்தியின் தடித்த பகுதி திருகாணியில் சுற்றும்போது அதன் வெளிச்சுற்று பிரிந்து, ஒரு முழுத் தொகுதியும் வீணானது.

அடுத்து, கழுத்து. பழைய பேஸில் நிறம் மங்கியிருக்கலாம், குமிழ் மாறியிருக்கலாம், பிக்கப்பைக்கூடத் திரும்பச் சுற்றலாம். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால் அது சுவரில் மாட்டத்தான் பயன்படும். ஹெட்ஸ்டாக் (திருகாணிகள் உள்ள தலைப்பகுதி) பக்கத்திலிருந்து உடலை நோக்கி, துப்பாக்கி குறிபார்ப்பது போல ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் முறுக்கு தெரியும். பிறகு ஒரு தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, 7ஆவது ஃபிரெட்டுக்கு மேல் தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். மெல்லிய அட்டை ஒன்று நுழையும் அளவு, அதாவது சுமார் 0.3 மி.மீ., நல்லது. இடைவெளி அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராட் திருகை வலஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் திருப்பச் சொல்லி, மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே இறுதிவரை இறுக்கப்பட்டு, திருகுவதற்கு மரையே மிஞ்சாத கருவிகள் சந்தையில் நிறைய உண்டு. விற்பவர் அதைத் தாமாகச் சொல்வது அரிது. கிப்ஸன் இ.பி.-0, இ.பி.-3 போன்ற மஹோகனிக் கழுத்துள்ளவற்றில் ஹெட்ஸ்டாக் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், கீழே விழுந்தால் நட்டுக்குப் பின்னால் முறியும். அங்கே கைவிளக்கைப் படுக்கைவாட்டில் பிடித்தால் ஒட்டிய தடம் நிழலாகத் தெரியும். நன்றாக ஒட்டிய கழுத்து வாசிப்புக்குக் குறையில்லை, ஆனால் விலை வெகுவாக இறங்க வேண்டும்.

மின்பகுதியைத் திறக்காமலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சாதாரணக் கிட்டார் கேபிளைக் கருவியில் செருகி, மறுமுனையின் நுனியிலும் அடிப்பகுதியிலும் மல்டிமீட்டரை வைத்து, வால்யூமையும் டோனையும் முழுவதும் திறந்து மின்தடையை அளக்க வேண்டும். பிரிசிஷன் வகைப் பிளவு பிக்கப் பெரும்பாலும் 10 முதல் 11 கிலோ ஓம் காட்டும். ஜாஸ் பேஸ் வகையில் இரண்டு பிக்கப்களும் இணையாக இணைந்திருப்பதால், இரண்டு வால்யூமும் திறந்திருக்கும்போது 4 கிலோ ஓமுக்குச் சற்றுக் கீழே காட்டும். எண் 250 கிலோ ஓமை ஒட்டி நின்றால் பிக்கப்பின் சுருள் அறுந்திருக்கிறது என்று பொருள். நீங்கள் பார்ப்பது வால்யூம் குமிழின் தடையை மட்டுமே. பழுது பார்க்கலாம், ஆனால் அசல் சுற்று போய்விடும். பிறகு ஆம்ப்ளிஃபையரில் செருகி, தந்திகளைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா என்று கவனியுங்கள். குறையவில்லை என்றால் பிரிட்ஜுக்கு (உடலில் தந்திகளைத் தாங்கும் உலோகப் பகுதி) அடியில் போகும் நிலக்கம்பி (எர்த்) அறுந்திருக்கலாம். இது சில நிமிட வேலை.

வயதைக் கணிப்பதில்தான் பெரும்பாலானோர் அவசரப்படுகிறார்கள். எந்த ஒரு குறியும் தன்னைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்லும். ஃபெண்டரில் கழுத்தின் அடிமுனையில் எழுதிய அல்லது முத்திரையிட்ட தேதி, அந்தக் கழுத்து முடிந்த நாள். பின்பக்கத் தகட்டின் எண் வரிசை ஒழுங்காக ஒட்டப்பட்டதல்ல. 1976 முதல்தான் எண் ஹெட்ஸ்டாக்குக்கு ஏறியது. குமிழ்களுக்கு அடியிலுள்ள மின்தடைப் பகுதியின் முதுகில் பொறித்த எண் நம்பகமானது: 1376633 என்றிருந்தால், 137 என்பது சி.டி.எஸ். நிறுவனம், 66 ஆண்டு, 33 வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல். ஆனால் அதுவும் கருவி அந்த வாரத்துக்கு முந்தியதல்ல என்பதை மட்டுமே உறுதி செய்கிறது. ஃபெண்டர் 1966இல் பெருந்தொகையாகக் குமிழ்களை வாங்கி இருப்பு வைத்ததால், 1960களின் இறுதியில் செய்த கருவிகளுக்குள்ளும் 1966 என்ற குறி கிடைக்கிறது. 1970களின் பிற்பாதி ஐபனெஸில் முதலெழுத்து மாதத்தையும் அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் சொல்லும்; எஃப்78 என்றால் 1978 ஜூன். 1960களின் மலிவு ஜப்பானியக் கருவிகள் பலவற்றில் எண்ணே இல்லாததால், பிக்கப் மூடி, திருகாணி, ஹெட்ஸ்டாக் வடிவம் ஆகியவற்றைப் பழைய விற்பனைப் பட்டியல்களின் படங்களோடு ஒப்பிட வேண்டும்.

கழுத்தைக் கழற்றிப் பார்க்க விற்பவர் இசைந்தால், முதலில் தந்திகளைத் தளர்த்துங்கள். திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு திருகையும் முதலில் இடஞ்சுழியாக மெல்லச் சுற்றி, அது பழைய மரைக்குள் 'டக்'கென்று விழுந்த பிறகே வலஞ்சுழியாக இறுக்க வேண்டும். இதைச் செய்யாதவர்களால் 50 ஆண்டுகள் தாங்கிய மரம் ஒரே மாலையில் புண்ணாகிறது.

மாற்றங்களை ஓட்டைகள் காட்டிக்கொடுக்கும். ஃபெண்டர் பேஸ்களில் விரல் தாங்கும் கட்டை 1970களின் நடுப்பகுதி வரை மெல்லிய தந்தியின் பக்கம் இருந்து, பிறகு தடித்த தந்தியின் பக்கம் போனது. ஆகவே முந்திய காலக் கருவியில் மேல்பக்கமும் ஓட்டை இருந்தால் யாரோ பிற்பாடு துளைத்திருக்கிறார்கள். 1968க்கு முந்திய ஃபெண்டரின் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு வயதாகும்போது மயிரிழைக் கீறல்களாக வெடிக்கும். பிற்காலத்துப் பாலியெஸ்டர் தடித்து, கண்ணாடி போல் நிற்கும். மறுபூச்சு பூசிய கருவியின் விலை பெரும்பாலும் பாதியாகிவிடும். சேகரிப்பவர் இதை இழப்பாகப் பார்க்கக்கூடும், வாசிப்பவருக்கோ இதுவே வாய்ப்பு.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1960களின் முற்பாதிவரை பல அமெரிக்கக் கருவிகளின் விரற்பலகை பிரேசில் ரோஸ்வுட்டால் ஆனது. அந்த மரம் 1992 முதல் அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பதால் எல்லை தாண்ட அனுமதி ஆவணங்கள் வேண்டும். மற்ற ரோஸ்வுட் வகைகளால் ஆன இசைக்கருவிகளுக்கு 2019 இறுதியில் கிடைத்த விலக்கு இதற்குப் பொருந்தாது.

வீட்டுக்கு வந்த மலிவு பேஸுக்குப் புதிய பிக்கப் வாங்கும் ஆசையைத் தள்ளிப்போடுங்கள். மலிவுக் கருவியில் தொழிற்சாலை மிச்சம் பிடித்தது பெரும்பாலும் கைவேலையில்தான். தந்தியை 3ஆவது ஃபிரெட்டில் அழுத்தும்போது முதல் ஃபிரெட்டுக்கு மேல் பெரிய இடைவெளி தெரிந்தால் நட்டின் பள்ளம் ஆழமாக வெட்டப்படவில்லை. தொடக்க ஃபிரெட்களில் சுருதி ஏறி ஒலிப்பதற்கும் விரல் வலிப்பதற்கும் இதுவே காரணம். அதைச் சரிசெய்த பின், கழுத்தின் வளைவு, பிரிட்ஜில் தந்தியின் உயரம், கடைசியாகச் சுருதிச் சீர் என்ற வரிசையில் போக வேண்டும். 12ஆவது ஃபிரெட்டின் மேல் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட அங்கே அழுத்தி வாசிக்கும் சுரம் கூடுதலாக இருந்தால் சேடிலை (பிரிட்ஜில் அந்தத் தந்தி அமரும் சிறு துண்டு) கழுத்திலிருந்து விலகப் பின்னுக்குத் தள்ளுங்கள். குறைவாக இருந்தால் முன்னுக்கு. இவ்வளவும் செய்த ஒரு சாதாரண ஸ்குவையரோ யமஹாவோ, கவனிக்கப்படாத விலையுயர்ந்த கருவியைவிட வாசிக்க நன்றாக இருக்கும் என்பதைப் பலமுறை கையால் உணர்ந்திருக்கிறேன்.

பழைய மெலிந்த கழுத்துகளுக்கு இழுவிசை குறைந்த தந்திகளே பொருத்தம். தட்டைச் சுற்றுத் தந்திகள் ஃபிரெட்டைக் குறைவாகவே தேய்க்கும், 1960களின் ஒலியும் அவற்றில்தான் இருக்கிறது. மோட்டவுன் இசை நிறுவனத்தின் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தம் 1962 பிரிசிஷன் பேஸில் அத்தகைய தந்திகளை அறுந்தால் ஒழிய மாற்றியதில்லை. வாசிக்காத மாதங்களிலும் தந்திகளை முழுவதும் தளர்த்தக் கூடாது, ஏனெனில் எதிர்விசை இல்லாமல் ட்ரஸ் ராட் கழுத்தைப் பின்னுக்கு வளைத்துவிடும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பிக்கப் காந்தங்களையும் பிரிட்ஜையும் அரிப்பதால், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து அவ்வப்போது மாற்றுங்கள். பிக்கப்புக்கு அடியிலும், தந்தியின் அதிர்வை அடக்கும் மியூட்டிலும் உள்ள பழைய நுரை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். உதிரத் தொடங்கியிருந்தால் எடுத்துவிடலாம். நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுள்ள கருவியை ரப்பர் தாங்கியில் நிறுத்தி வைத்தால் ரப்பர் பட்ட இடம் இளகிக் கறையாகிவிடும். இடையில் பருத்தித் துணி போடுவது அவசியம்.

ஒரு கருவியைப் பற்றி மற்ற சேகரிப்பாளர்களிடம் பேசும்போது, கண்ணால் கண்டதையும் ஊகித்ததையும் பிரித்துச் சொல்லுங்கள். "இது 1966 பேஸ்" என்பதைவிட, "குமிழ் 1966இன் 33ஆவது வாரம், கழுத்தைக் கழற்றவில்லை, வலப்பக்கக் குமிழில் சாலிடர் புதிது" என்பது கேட்பவருக்கு உதவும். "லாசூட் கால பேஸ்" (வழக்குக் காலத்து பேஸ்) என்ற விற்பனைச் சொல்லைத் தவிர்ப்பது நல்லது. 1977இல் கிப்ஸனின் அப்போதைய உரிமையாளரான நார்லின் நிறுவனம் ஐபனெஸின் அமெரிக்க விநியோகஸ்தர் மீது ஹெட்ஸ்டாக் வடிவம் குறித்துத் தொடுத்த அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஃபெண்டர் வடிவிலான டோக்காய், ஃபெர்னாண்டஸ் பேஸ்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒலியை ஒப்பிடும்போது, தந்தி எந்த வகை, எவ்வளவு பழையது என்று சொல்லாத பதிவால் பயனில்லை. இரண்டு பேஸ்களிலும் ஒரே வகைத் தந்தி போட்டு, ஆம்ப்ளிஃபையரோ எஃபெக்டோ இல்லாமல் நேரடியாகப் பதிந்து, ஒரே வரியை வாசித்து, எது எது என்று சொல்லாமல் நண்பருக்கு அனுப்பிப் பாருங்கள். மசோனைட் பேஸுக்கு அவர் கொடுக்கும் மதிப்பெண் பலமுறை வியப்பூட்டும்.

இறுதியாக, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தாளில் அளவுகள், எண்கள், மின்தடை, வாங்கிய நாள், செய்த வேலை ஆகியவற்றை எழுதி அதன் பெட்டியிலேயே வையுங்கள். கழற்றிய எந்தப் பாகத்தையும், பழுதான குமிழாக இருந்தாலும், தேய்ந்த நட்டாக இருந்தாலும், உறையிலிட்டுத் தாளோடு சேர்த்துவிடுங்கள். அடுத்து வாங்குகிறவர் அந்தக் கருவியை அங்கிருந்தே படிக்கத் தொடங்கலாம்.