பழங்குடி சிகரெட் வரி ஒப்பந்தத்தைப் படிப்பது எப்படி?

அமெரிக்கப் பழங்குடி நிலத்தில் சிகரெட் விற்றால் வரி யாருக்கு? முதலில் வாங்குபவரைப் பாருங்கள். அந்தப் பழங்குடியின் உறுப்பினர் என்றால் மாநில வரி கிடையாது; வெளியாளிடம் கடைக்காரரே வசூலித்துத் தரவேண்டும் என்று மாநிலம் கேட்கலாம், 1976-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் தராத பழங்குடி அரசின்மேல் வழக்குப் போட்டு வாங்குவது லேசில்லை, அதனால்தான் மாநிலமும் பழங்குடி அரசும் போட்டுக்கொள்ளும் இந்த ஒப்பந்தமெல்லாம்.

அப்புறம் பணம் எங்கே போகிறது என்ற பிரிவைத் தேடுங்கள், சண்டையே அங்கேதான். வாஷிங்டன் மாநிலத்தின் 2001 சட்டப்படி, மாநில வரிக்குப் பதிலாகப் பழங்குடி அரசு தன் வரியைப் போடும். அந்தப் பணம் காவல், தீயணைப்பு போன்ற அரசுப் பணிகளுக்கு மட்டும். சிகரெட் கடைக்கு மானியமாகக் கொடுக்கக் கூடாது.

சரி, வரி கட்டியதைக் காட்ட பாக்கெட்டில் ஒட்டும் முத்திரை எது, மாநிலத்துடையதா பழங்குடி அரசுடையதா என்றும் பாருங்கள். மத்திய வரி மட்டும், 20 சிகரெட்டுக்குச் சுமார் 1.01 டாலர், எந்த ஒப்பந்தத்திலும் குறையாது.