வாயமைப்பை அறியாமல் செய்யும் தவறுகள்: மாட்டுச் சந்தை முதல் மாந்தோப்பு வரை

மேலும் கீழுமாக அசையும் இரண்டு தாடைகளும் அவற்றில் வரிசையாகப் பற்களும் இருப்பதுதான் வாய் என்று, நம் வாயை வைத்தே மற்ற உயிர்களின் வாயையும் எடைபோட்டுப் பழகிவிட்டோம். மாடு, மா, தக்காளி, மல்பெரி என்று பிழைப்பு நடக்கும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தப் பழக்கம் வீண் செலவு வைப்பதோடு, சில வேளைகளில் உயிருக்கும் உலை வைக்கிறது.

போச்சம்பள்ளி, காரிமங்கலம் போன்ற சந்தைகளில் முதன்முறையாக மாடு பிடிக்க வருபவர், உதட்டை விலக்கிப் பார்த்துவிட்டு, மேல்வரிசையில் முன்பல் ஒன்றுகூட இல்லையே, கிழட்டு மாட்டைத் தலையில் கட்டப் பார்க்கிறார்களே என்று சந்தேகப்படுவதுண்டு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் மேல் முன்பற்கள் முளைப்பதே இல்லை. அந்த இடத்தில் கெட்டியான ஈறுத் திண்டு ஒன்றுதான் இருக்கும். வயதைச் சொல்பவை கீழ்த்தாடையின் எட்டு முன்பற்கள். ஏறத்தாழ இரண்டு வயதில் நடு இணை விழுந்து பெரிய பற்கள் வருவதை ‘இரண்டு பல்’ என்கிறோம். அடுத்தடுத்த இணைகள் வந்து, நான்கிலிருந்து ஐந்து வயதுக்குள் ஓரத்து இணையான கடைப்பல்லும் சேர்ந்துவிடும். நாட்டு மாடுகளில் இது சற்றுத் தாமதமாகலாம். அதற்குப் பின் தேய்மானத்தை வைத்துச் சொல்லும் வயது ஒரு மதிப்பீடு மட்டுமே என்பதால், அதை நம்பி விலையை ஏற்றவும் கூடாது, இறக்கவும் கூடாது. கன்றுக்கும் எட்டுப் பற்கள் இருக்கும், ஆனால் அவை சிறியவையும் ஒடுங்கியவையுமான பால் பற்கள். பல்லின் அகலத்தைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதே தவிர, காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்த்தே ஆக வேண்டும்.

மேல் முன்பல் இல்லாத மாடு, புல்லை நாக்கால் வளைத்து இழுத்து, கீழ்ப்பல்லுக்கும் ஈறுத் திண்டுக்கும் இடையே பிடித்து அறுக்கிறது. ஆடு உதட்டால் இலை இலையாகப் பொறுக்குவதுபோல மாட்டால் பொறுக்க முடியாது. தீவனத்தோடு எது வந்தாலும் அரைகுறையாக மென்று விழுங்கிவிடும். ஆகவே கட்டடம் கட்டும் இடத்துக்கு அருகில் வைக்கோல் போர் போடுவதும், கட்டுக் கம்பித் துண்டுகளைத் தொழுவத்துப் பக்கம் விட்டுவைப்பதும் பெரிய தவறுகள். விழுங்கிய கம்பி இரண்டாம் இரைப்பையில் தங்கி, உதரவிதானத்தைத் துளைத்து, அதற்கு அடுத்தாற்போல் இருக்கும் இதய உறையையே குத்திவிடக்கூடும். மருந்து புகட்டும்போது நாக்கை வெளியே இழுத்துப் பிடிப்பதும், முகத்தை வானம் பார்க்கத் தூக்குவதும் அதே அளவு ஆபத்தானவை, ஏனெனில் நாக்கு அசைந்தால்தான் விழுங்க முடியும். இல்லாவிட்டால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். வாயின் ஓரத்தில், முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் இடையே பல்லே இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. அதன் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மாடு இருமினால் உடனே தலையை விட்டுவிட வேண்டும்.

மாட்டின் மடியிலும் காதிலும் ஒட்டியிருக்கும் உண்ணியைத் திருகிப் பிய்ப்பதும், மண்ணெண்ணெய் ஊற்றுவதும், நெருப்பால் சுடுவதும் ஊரெங்கும் உள்ள பழக்கங்கள். உண்ணியின் வாய்ப்பகுதியில் பின்னோக்கிய முட்கள் இருப்பதால், திருகினால் அது முறிந்து தோலுக்குள்ளேயே தங்கிவிடும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராகவும் சீராகவும் இழுப்பதே முறை.

பணம் அதிகம் வீணாவது பூச்சிகளின் வாயைத் தவறாகப் புரிந்துகொள்வதால்தான். பூச்சிகளின் தாடைகள் இடமும் வலமுமாக அசைகின்றன என்பது முதல் செய்தி. அந்தத் தாடைகளே பல இனங்களில் ஊசிகளாக மாறிவிட்டன என்பது அதைவிட முக்கியமான செய்தி. மாம்பூவைக் கருக்கும் தத்துப்பூச்சிக்குக் கடிக்கும் வாய் கிடையாது. உறை போன்ற ஓர் அலகுக்குள் நுண்ணிய ஊசிகள் கட்டாக இருக்க, அவற்றைப் பூங்கொத்தின் காம்பில் செருகி, ஒரு குழாய் வழியே உமிழ்நீரைச் செலுத்தி, இன்னொன்றின் வழியே சாற்றை உறிஞ்சுகிறது. இலையின் மேல் படிந்து, தின்றால் மட்டுமே கொல்லும் மருந்து எதுவும் இதன் வாய்க்குள் போகாது. பெங்களூரா ரக மாந்தோப்பில் இலையெல்லாம் கரி பூசியதுபோல் ஆன பிறகு பூஞ்சைக்கொல்லியை மட்டும் அடிப்பவர்கள் இன்னொரு தவறைச் செய்கிறார்கள்: தத்துப்பூச்சி வெளியேற்றும் இனிப்பான கழிவின் மேல்தான் அந்தக் கரும்பூஞ்சை வளர்கிறது, ஆகவே உறிஞ்சும் வாயை நிறுத்தாமல் கருமை போகாது. பூங்கொத்து தலைகாட்டும்போதே கவனிக்க வேண்டும். பூ முழுதும் விரிந்த நேரத்தில் அடித்தால், ஒற்றியெடுக்கும் வாய்கொண்டு தேன் தேடி வந்து மகரந்தம் சேர்க்கும் ஈக்களும் சாகும், காய்ப்பும் குறையும்.

பழ ஈயின் கதை வேறு. வளர்ந்த ஈயால் பழத்தைக் கடிக்க முடியாது. பெண் ஈ தன் முட்டையிடும் குழாயால் தோலைத் துளைக்கிறது, உள்ளே பிறக்கும் புழு வாய்க்கொக்கிகளால் சதையைக் கிழித்துத் தின்கிறது. புழு உள்ளே போன பிறகு பழத்தின் மேல் அடிக்கும் மருந்து வீண். கொட்டிய பழங்களைப் பொறுக்கி அழிப்பதும், ஆண் ஈக்களை இழுக்கும் மீத்தைல் யூஜினால் பொறிகளை வைப்பதும்தான் பயன் தரும்.

வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் தேன் மட்டுமே குடிக்கும் சாதுக்கள் என்று நினைப்பவர்கள், இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு மாதுளைத் தோட்டத்துக்குள் போய்ப் பார்க்கலாம். பழத்தைத் துளைக்கும் அந்துப்பூச்சியின் உறிஞ்சுகுழல் முனை, தோலைத் துளைக்கும் அளவுக்கு உறுதியானது. ஊசி முனை அளவு துளையும் அதைச் சுற்றி அழுகலும் இருந்தால், பகலில் அங்கே மொய்க்கும் தேனீயின் மேல் பழி போட வேண்டாம். இந்த அந்துப்பூச்சியின் புழு வளர்வது பழத்தில் அல்ல, வேலியோரத்துச் சீந்தில் கொடியில்.

மெல்லும் வாய்க்கும் உறிஞ்சும் வாய்க்கும் உள்ள வேறுபாடு மிகக் கடுமையாகத் தண்டிப்பது பட்டு வளர்ப்பில். கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்துப் பட்டுப்புழு ஒன்றை மல்பெரி இலையின் விளிம்பில் விட்டுப் பாருங்கள்: முன்கால்களால் விளிம்பைப் பற்றிக்கொண்டு, தலையை மேலிருந்து கீழாக வளைத்து வளைத்து, பக்கவாட்டில் அசையும் தாடைகளால் பிறை வடிவில் அறுத்துக்கொண்டே போகும். தன் வாழ்நாள் தீனியின் பெரும்பகுதியை அது இந்தப் பருவத்தில்தான் தின்கிறது. பொரித்து வந்த புழுவுக்கோ இவ்வளவு வலுவான தாடை கிடையாது. அதற்கு முற்றிய இலையைப் போடுவது பட்டினி போடுவதற்குச் சமம், சாக்கி எனப்படும் இளம்புழு வளர்ப்பில் கொழுந்தை நறுக்கிப் போடுவது அதனால்தான். மல்பெரியில் மாவுப்பூச்சி வந்துவிட்டதே என்று சாற்றோடு பரவும் மருந்தை அடித்துவிட்டு, காத்திருப்பு நாட்கள் முடியும் முன் இலை பறிப்பவர், உறிஞ்சும் வாய்க்கு வைத்த நஞ்சை மெல்லும் வாய்க்கு ஊட்டுகிறார். பக்கத்து வயலில் தக்காளிக் காய்ப்புழுவுக்கு அடிக்கும் பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) என்ற நுண்ணுயிர் மருந்து மனிதருக்கும் மாட்டுக்கும் தீங்கற்றது என்று சொல்லி விற்கப்படுகிறது. ஆனால் காற்றில் வந்து மல்பெரியில் படிந்தால் பட்டுப்புழுவுக்கு அதுவே எமன். அந்த நுண்ணுயிரே 1901-இல் ஜப்பானில், நோயுற்ற பட்டுப்புழுவிலிருந்துதான் முதலில் கண்டறியப்பட்டது. கூட்டிலிருந்து வரும் பட்டு அந்துப்பூச்சிக்குத் தின்னத்தக்க வாயே இல்லை. அது சில நாட்கள் வாழ்ந்து, முட்டையிட்டுச் சாகும். அதற்குத் தேனும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

ஒகேனக்கல் பாறையில் வாயைப் பிளந்து கிடக்கும் முதலை பெரும்பாலும் உடல் வெப்பத்தைச் சமன்செய்கிறது. அது கோபமும் அல்ல, உறக்கமும் அல்ல. அதன் தாடையைத் திறக்கும் தசை பலவீனமானது, கயிற்றால் கட்டிவிடலாம் என்பது உண்மைதான். மூடும் தசையின் வலிமையோ எலும்பை நொறுக்கும் என்பதால், தற்படம் எடுக்க நெருங்குபவருக்கு அந்த உண்மை உதவாது.

பாம்பு தாடையைக் கழற்றி விழுங்குகிறது என்பதும் தவறு. கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முகவாயில் எலும்பாக ஒட்டாமல் நெகிழும் இழையால் இணைந்திருப்பதால், அவை தனித்தனியே முன்னேறி இரையை உள்ளே இழுக்கின்றன. வெளியே நீளும் நாக்கு மணம் அறிவதற்கே, கொட்டுவதற்கு அல்ல. வெட்டிப் போட்ட பாம்பின் தலை சிறிது நேரம் வரை அனிச்சையாகக் கடிக்கும் என்பதால், செத்துவிட்டதென்று கையால் எடுக்கக் கூடாது. எல்லாவற்றிலும் ஆபத்தான பிழை, பல் தடத்தை எண்ணி முடிவு செய்வது. இரண்டு புள்ளி இருந்தால் நச்சுப் பாம்பு, இல்லாவிட்டால் தண்ணீர்ப் பாம்பு என்று பேசிக்கொண்டிருக்கும் வீட்டில், கட்டுவிரியன் கடித்தவர் வலியும் வீக்கமும் இல்லாமல், தடம்கூடத் தெரியாமல், சில மணி நேரத்தில் இமை தொங்கி மூச்சுத் திணறலாம். கடிவாயைக் கீறாமல், உறிஞ்சாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நஞ்சுமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுசெல்ல வேண்டும்.